ஒரு கல்லுக்கு மூன்று தோள்

“…அட்டைக்கு அடியில வாட்ச ஒளிச்சு வச்சு எனக்கு நேரம் எடுத்தியள்லா, அத நான் அன்னைக்கே மறந்துட்டேன் அண்ணாச்சி. அது ஒங்க பொழப்பு. ஆனா இத மூணு நாளா மனசுக்குள்ள வச்சிக்கிட்டு, காலைல கிரவுண்டுல எனக்கு எதுக்க நின்னு ‘இருபத்தேழு, இருபத்தேழு’ன்னு சத்தம் குடுத்தியள்லா…”

சேவியர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓவர்லாக் மிஷினிலிருந்து எழுந்து நேராக என் மேஜைக்கு வந்திருந்தார். மீசை, புருவம், காது மடல் எல்லாவற்றிலும் வெள்ளைப் பஞ்சு. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. பீஸில் ஓர் இடத்தில் தையல் விட்டுப்போயிருப்பதைக் காட்ட வந்தவர் மாதிரி, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

வேலையை விட்டு நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் பழைய கம்பெனிக்குப் போனேன். இப்போது ஒவ்வொரு மிஷின் தலையிலும் கையகலத்துக்கு ஒரு திரை. யார் எத்தனை பீஸ் முடித்தார், ஒரு பீஸுக்கு எத்தனை செகண்டு என்று அதுவே எண்ணிக் காட்டுகிறது. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் இன்ஜினியரிங் படித்தவர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “ஏனுங்க சார், வெறும் ஸ்டாப் வாட்ச் வெச்சுட்டு இருவது வருசம் டைம் எடுத்தீங்களாமா. நீங்க எடுத்ததுல தப்பாப் போனது ஏதாச்சும் உண்டுங்களா?” என்று கேட்டார்.

“நெறைய இருக்குதுங்க கண்ணு” என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் யோசித்துப் பார்த்தால், நெஞ்சில் தங்கியது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் கைமடியாக நுழைந்தேன். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிறவருக்கு அப்படிப் பெயர். பிறகு டெய்லர் ஆனேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டார் என்று மெட்ராஸிலிருந்து ஒருவரை வரவழைத்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று எடுக்கச் சொன்னார்கள். அவருக்கு எழுதும் அட்டை தூக்க என்னை அனுப்பினார்கள். மூன்று வாரம் அவர் பின்னால் நடந்தேன். அவர் போகும்போது ஒரு ஸ்டாப் வாட்சையும் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் விட்டுப் போனார். வாட்ச் உடனே புரிந்துவிட்டது. புத்தகம் புரிய, அகராதியும் கையுமாக ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு என் பெயரே போய்விட்டது. தையல் லைனில் எல்லோருக்கும் நான் ‘டைம் சார்.’

வேலை இப்படித்தான். டீ சர்ட்டில் தோள் இணைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்துண்டையும் பின்துண்டையும் எடுத்து, தோளோடு தோள் சேர்த்து, நடுவில் ஒரு வெள்ளை டேப்பை வைத்து ஓவர்லாக்கில் ஓட்ட வேண்டும். அந்த டேப் இல்லாவிட்டால் நாலு துவைப்பில் தோள் தொங்கிவிடும். டெய்லரின் கை துணியைத் தொடும்போது வாட்சை அமுக்க வேண்டும். அடுத்த துணியைத் தொடும்போது மறுபடி. இப்படிப் பத்து முறை எடுத்து, கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும். அதன் மேல் தண்ணீர் குடிக்க, நூல் அறுந்தால் கோர்க்க, இடுப்பை நிமிர்த்த என்று கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதற்கு அலவன்ஸ் என்று பெயர். மனிதர் மிஷின் இல்லை என்று புத்தகம் ஒத்துக்கொள்கிற ஒரே இடம் அது.

முதல் நாள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஒன்பது செகண்டில் தோள் போடுகிற டெய்லர் பதினாறு செகண்டு எடுத்துக்கொண்டார். துணியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். சாயங்காலம் அந்தத் தாளைப் புரொடக்ஷன் மேனேஜர் நஞ்சப்பன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, அடியில் ரப்பர் வைத்த ஷூ. அவர் வருவது யாருக்கும் கேட்காது. கூட்டுகிற அம்மாவைக்கூட “வாங்க, போங்க” என்றுதான் பேசுவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு டெய்லருக்குப் பின்னால் போய் நிற்பார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நிற்பார். போய்விடுவார். அந்த டெய்லரின் கை அன்று முழுக்க வேகமாக ஓடும். எங்கள் கம்பெனியில் லைன் எதிலும் சுவர்க் கடிகாரம் கிடையாது. அவர் கழற்ற வைத்ததுதான்.

என் தாளைப் பார்த்துவிட்டு, “மணியக் காட்டுனீங்கன்னா கை மணியப் பார்க்குமுங்க. காட்டாட்டி துணியப் பார்க்கும்” என்றார். ஓர் அட்டையை எடுத்து, அடிப்பக்கம் வாட்சை ரப்பர் பேண்டில் மாட்டி, விரல் மட்டும் அமுக்குகிற மாதிரிக் காட்டிக் கொடுத்தார். “ஆளுக்கு வேலையக் குடுங்க. கணக்கக் குடுத்தராதீங்க. குடுத்தா அது அவங்க தலைமேல ஏறி உக்காந்துக்குமுங்க.”

மனிதர்கள் சொல்கிற வார்த்தைகளை எழுதிவைப்பது எனக்கு ஒரு பழக்கம். டைம் ஷீட்டின் பின்பக்கம் இந்த இரண்டையும் அன்றே எழுதி வைத்தேன். பெரிய உண்மை மாதிரித் தெரிந்தது. பல வருடம் அப்படித்தான் தெரிந்தது.

அட்டைக்கு அடியில் வாட்ச் இருப்பதைப் பல வருடம் கழித்து முதலில் கண்டுபிடித்தவர் சேவியர். நாசரேத் பக்கத்துக்காரர். அவரும் மனைவி ஜெயாவும் எங்கள் கம்பெனியில்தான். ஜெயா செக்கிங் டேபிள், இவர் ஓவர்லாக், தோள் இணைப்பு. ஒருநாள் பின்னால் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறேன், மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, அட்டைக்கு அடியில கோழிக்குஞ்சா வளக்கிய? கீச்சு கீச்சுங்குது.”

லைனே சிரித்தது. லைன் சூப்பர்வைசர் சரசக்கா விடவில்லை. “குஞ்சு இல்லீங்க சேவியரு, உங்க உசுர அதுக்குள்ள போட்டு வெச்சிருக்கறாருங்க டைம் சாரு” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சேவியர் திரும்பிப் பார்த்து, “எத்தன செகண்டு?” என்றார். “ஒம்போது” என்றேன். “ஒம்போதுன்னா ஒம்போதுன்னு எதுக்க நின்னே எடுங்க. கொறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன்” என்றார். சொன்னபடி எதிரே நின்று எடுத்தேன். ஒன்பதுதான். பத்து முறையும் ஒன்பது. அப்படி ஒரு கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். அடுத்தது ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஒரு செகண்டு கூடினாலும் அன்றே வீட்டுக்கு. வயது வரம்பில் அவருக்கு அதுதான் கடைசி முறை. அவருடைய மகள் ஊரில் மாமியாரிடம் இருந்தாள். இங்கே இரண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. “வருசத்துக்கு ரெண்டு தடவ போயி நின்னா, ஜெயாவப் பாத்து ‘அத்தை’ங்குது அண்ணாச்சி. நான் போலீஸ் ஆனா கோட்ரஸ் குடுப்பான். பிள்ளையக் கூட்டிட்டு வந்துரலாம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஒளிஞ்சு நின்னு பாத்தியள்லா, இப்ப வெளிய வந்து பாருங்க” என்றார்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு காலி இடம் கிடந்தது. மூன்று பக்கம் சீமைக்கருவேல முள். அதைச் சதுரமாக அளந்துகொண்டோம். பக்கத்துக்கு நூறு மீட்டர், மூலைக்கு ஒரு கல், நாலு கல். அப்படியென்றால் ஒரு சுற்று நானூறு. பதினைந்து பக்கம் ஓடினால் ஆயிரத்து ஐந்நூறு. அளக்க எதை எடுத்தோம் என்றால், தோளுக்கு வைக்கிற அதே வெள்ளை டேப்பைத்தான். ஸ்டோரிலிருந்து பிரிக்காத ஒரு ரோல் வாங்கினேன். லேபிளில் நூறு மீட்டர் என்று அச்சடித்திருந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன். டேப் முடிகிற இடத்தில் கல். அதே டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த பக்கம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முள்ளுக்குள் போகாமல் இடம் சரியாக அமைந்துவிட்டதே என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

முதல் நாள் எட்டு நிமிடம் இருபது செகண்டு. முதல் பக்கத்தை இருபது செகண்டில் ஓடினார், கடைசிப் பக்கத்தை நாற்பதில். நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த தாளைக் காட்டினேன்.

“காலைல எட்டரைக்கு உக்காந்ததும் மணிக்கு நானூறு தோள் போட்டுட்டு, மத்தியானத்துக்கு மேல நூறு போடற டெய்லரு மாதிரி ஓடறீங்க சேவியரு. தோளுக்கு ஒம்போது செகண்டுன்னா காலைலயும் ஒம்போது, சாயங்காலமும் ஒம்போதுன்னு போடறீங்கல்ல? அந்தக் கைய எடுத்துக் கால்ல வைங்க.”

கணக்கைச் சொன்னேன். ஏழு நிமிடம் என்றால் நானூற்று இருபது செகண்டு. பதினைந்தால் வகுத்தால் பக்கத்துக்கு இருபத்தெட்டு. அதில் ஒரு செகண்டைக் குறைத்து, பக்கத்துக்கு இருபத்தேழு என்று வைப்போம். மொத்தம் ஆறு நிமிடம் நாற்பத்தைந்து. மீதிப் பதினைந்து செகண்டு கையில் இருக்கட்டும், அதுதான் உங்களுக்கு அலவன்ஸ் என்றேன்.

அவர் தாளில் விரலை வைத்துக் கணக்குப் பார்த்தார். “ஒம்போது மூணு இருபத்தேழு” என்றார். “ஒரு கல்லுக்கு மூணு தோளு.”

அப்படித்தான் ஓடினார். மனதுக்குள் தோள் போட்டுக்கொண்டே ஓடுவார். மூன்றாவது தோளை வெட்டித் தள்ளும்போது கால் கல்லைத் தாண்டும். நான் நடுவில் நின்று ஒவ்வொரு கல்லுக்கும் நேரத்தைச் சத்தம் போட்டுச் சொல்வேன். “இருபத்தெட்டு… இருபத்தாறு… இருபத்தேழு…” இரண்டு மாதத்தில் நான் சத்தம் போடவே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. வாட்சைப் பார்க்காமலே, “இது இருபத்தேழு, சரிதான?” என்று ஓடிக்கொண்டே கேட்பார். சரியாக இருக்கும். ஆறு நிமிடம் நாற்பத்தைந்து, மேலே கீழே ஒரு செகண்டு. அவரைப் பார்த்து, விளிம்பு மடித்துத் தைக்கிற பேட்லாக் லைனில் இருந்து இரண்டு டெய்லர்கள், அடுத்த வருடம் போலீஸ் தேர்வு எழுதப் போகிறவர்கள், அவர்களும் காலையில் வந்து அந்தக் கற்களைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். ஜெயா ஒருநாள் செக்கிங் டேபிளில் இருந்து, “அண்ணாச்சி, ராத்திரி தூக்கத்துலயும் ‘மூணு, மூணு’ங்காவ. ஒங்க கணக்கு எங்க வீட்டுக்குள்ளயும் வந்துட்டு” என்று சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சரசக்கா ஒரு காலி டேப் ரோலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“ஏனுங்க டைம் சார், ஒரு ரோல்ல இத்தன பீஸ் ஆகோணும்னு கணக்குப் போட்டுக் குடுத்தீங்கல்ல? பீஸ் ஆகறதுக்கு முன்னால டேப்பு தீந்து போச்சுங்க. மிச்சத்த நீங்க ஊட்டுக்குக் கொண்டுபோயி அருணாக்கயிறு கட்டீட்டீங்களா?”

“வேஸ்டேஜ் சேர்த்தித்தானுங்க அக்கா போட்டிருக்கறேன்.”

“வேஸ்டேஜு எப்பவும் சேர்த்தறதுதான். அதுலதான் இத்தன நாளா ஓடிட்டிருந்துச்சு. இந்தத் தடவ நீங்க வேஸ்டேஜக் கொறச்சுப் போட்டீங்க, முழிச்சுக்கிச்சு. நூறு மீட்டரு ரோல்ல எப்பங்க சார் நூறு மீட்டரு இருந்திருக்குது?”

எங்கள் தொழிலில் யாரும் டேப் ரோலை அளப்பதில்லை. ஆர்டர் போடும்போதே நூற்றுக்கு ஏழு, எட்டு கூட்டிப் போடுவோம். அதனால் குறைவது தெரியாது. ஸ்டோரில் தெரியும், லைனில் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த அந்த ஒன்று, காலி இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நினைவுக்கு வரவில்லை. துணி விஷயத்தில் லேபிளை நம்பாத நான், நிலத்தை அளக்கும்போது நம்பிவிட்டேன்.

கட்டிட வேலைக்கு வந்த மேஸ்திரி விட்டுப்போன ஐம்பது மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று என் மேஜை டிராயரில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, முனையைப் பிடிக்கச் சரசக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. முதல் பக்கம் தொண்ணூற்று மூன்று மீட்டர். அடுத்ததும் தொண்ணூற்று மூன்று. மற்ற இரண்டையும் அளக்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனாலும் அளந்தேன்.

அங்கேயே ஒரு கல்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொண்ணூற்று மூன்றுக்கு இருபத்தேழு என்றால் நூறுக்கு இருபத்தொன்பதுக்கு மேல். பதினைந்து பக்கத்துக்கு ஏழு நிமிடம் பதினைந்து செகண்டு. தேற வேண்டுமென்றால் இந்தக் கற்களை அவர் ஆறு நிமிடம் முப்பதுக்குள் சுற்ற வேண்டும். பயமில்லாமல் தேற ஆறு இருபத்தைந்து. நான் கொடுத்த பதினைந்து செகண்டு அலவன்ஸ் எங்கேயோ போய், அதற்கு மேல் பதினைந்து குறைந்து நின்றது.

நேராக நஞ்சப்பன் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“இன்னிக்குச் சொன்னீங்கன்னா நாளைக்கு அவரு ஓட்டம் கூடுமுங்களா?”

“கூடாதுங்க.”

“பயம் கூடுமுங்களா?”

“கூடுமுங்க.”

“அப்ப டார்கெட்ட மட்டும் மாத்துங்க. காரணம் எதுக்குங்க?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நானா சொன்னேன்னு வெச்சுக்காதீங்க. உங்க ஆளு, நீங்க பாத்துக்குங்க.”

அவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் ஒரு வழியைக் காட்டினார். அந்த வழியில் பல வருடம் நடந்து பழகிய கால் என்னுடையது.

மறுநாள் காலையில் சேவியரிடம், “இனி பக்கத்துக்கு இருபத்தஞ்சரை” என்றேன்.

“எதுக்கு? பதினஞ்சு செகண்டு கையில இருக்குல்லா?”

“ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க.”

ஓடிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்று, முள் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

“கடைசி மூணு நாள்ல டார்கெட்டக் கூட்டுனா கால் என்னத்துக்கு ஆகும்? நஞ்சப்பன் சார் மாதிரியே பேசுதிய. காரணம் இருந்தாச் சொல்லுங்க அண்ணாச்சி. சாவுன்னாலும் ஓடுதேன். சும்மா கூட்டுன்னா எப்படிக் கூட்ட?”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்திருந்தால் போதும். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூங்காமல் போய்விடுவாரே, கால் உதறுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே நாலு மூலை திரும்ப வேண்டும், அங்கே வளைந்த தடம், அதிலேயே நாலைந்து செகண்டு மிச்சமாகும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஸ்டோரில் ஒரு ரோலை அளக்காமல் வாங்கி வந்தவன் நான்தான் என்பது இந்தச் சமாதானங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதை அவர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன்.

“காரணம் ஒண்ணும் இல்லீங்க. சரி, பழையபடியே ஓடுங்க” என்றேன்.

அடுத்த இரண்டு காலையும் நடுவில் நின்று, “இருபத்தேழு, இருபத்தேழு” என்று சத்தம் கொடுத்தேன்.

குடும்ப அட்டையை இங்கே மாற்றியிருந்ததால் அவருக்குக் கோவையில்தான் ஓட்டம். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். உள்ளே விட மாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே வாட்சோடு நின்றேன். ஜெயா என் பக்கத்தில் மாதா படம் போட்ட டாலரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றது. விசில் ஊதினார்கள். நான் வாட்சை அமுக்கினேன்.

முதல் சுற்றில் சேவியரின் உதடு அசைவதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம் நாற்பத்தெட்டில் கோட்டில் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டாகும்போது கோடு அவருக்கு முன்னால் இன்னும் தூரத்தில் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ஐம்பத்தாறில் கோட்டைத் தாண்டினார். “இழுங்க சேவியரு, இழுங்க!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. இரண்டாவது சுற்று நூற்றுப் பதினாலு செகண்டு. மூன்றாவது நூற்றுப் பதின்மூன்று. மீதி முந்நூறு மீட்டருக்கு எழுபத்தேழு செகண்டு இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. ஜெயா, “இன்னும் நேரம் இருக்குல்லா அண்ணாச்சி?” என்று கேட்டது. “இருக்குதுங்க” என்றேன்.

கடைசி முந்நூறை எண்பத்தொரு செகண்டில் ஓடினார். நூறுக்கு இருபத்தேழு. அன்றைக்குத்தான் முதல் முறையாக உண்மையான இருபத்தேழு ஓடினார். நாலு செகண்டில் போயிற்று.

வெளியே வந்தவர் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே, “பன்னெண்டு தோளு முடிஞ்சிட்டு, கோடு வரல அண்ணாச்சி” என்றார். “எண்ணுனதுல எங்கயோ வேகமா எண்ணிட்டேன் போல. பயத்துல. என் தப்பு.” திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தது. அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பி, “ஒங்களுக்கும் ஒருநாள் லீவு போச்சு” என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவிநாசி தாண்டியது, பூண்டி தாண்டியது. திருப்பூர் வந்துவிட்டது.

ஒரு வாரம் போயிற்று. அவர் எப்போதும்போல வந்து உட்கார்ந்து தோளுக்கு ஒன்பது செகண்டு போட்டார். சரசக்கா அவரைக் கலகலப்பாக்க நினைத்துத்தான், மனதில் ஒன்றுமில்லாமல்தான், டேப் ரோலை மாட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். “இந்த டேப்ப நம்பி ஒண்ணும் பண்ணாதீங்க சேவியரு. நூறுன்னு போட்டு தொண்ணூத்தி மூணு வருது. நீங்க ஓடறதுக்கு நாலு நாளைக்கு முன்னால டைம் சாரு என்னயக் கூட்டிட்டுப் போயி, பின்னால காட்டுல நாலு கல்லுக்கும் ஸ்டீல் டேப்ப இழுத்து இழுத்து அளந்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு மனுசனுக்கு. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல பாருங்க.”

சாப்பாட்டு மணி அடிக்கும் வரை சேவியர் தோள் போட்டிருக்கிறார். பிறகு எழுந்து என் மேஜைக்கு வந்தார். முதலில் எழுதினேனே, அந்த வார்த்தைகளைச் சொன்னார். “சத்தம் குடுத்தியள்லா…” என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

“சேவியரு…” என்றேன்.

அவர் என் டிராயரை இழுத்தார். ஸ்டீல் டேப்பை எடுத்தார். சாப்பிடப் போகிற கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து, பின்வாசல் வழியே இறங்கினார். நானும் பின்னால் போனேன். உச்சி வெயில். அடுத்த வருடத் தேர்வுக்காகக் காலையில் பேட்லாக்காரர்கள் இரண்டு பேரும் ஓடிய தடம் மண்ணில் புதிதாகக் கிடந்தது. முதல் கல்லுக்குப் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு டேப்பின் முனையை வெளியே இழுத்தார். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று நான் குனிந்து அந்த வளையத்தைப் பிடித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையத்தை என் விரலிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்தார். கீழே கிடந்த ஒரு துருப்பிடித்த ஆணியில் மாட்டி, ஆணியைக் கல்லால் தரையில் அடித்தார். டேப்பை இழுத்துக்கொண்டு தனியாக நடந்தார். ஐம்பதில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தார். திரும்பி வந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்தக் கோட்டில் அடித்து, மறுபடி இழுத்தார். பழைய கல்லுக்கு வந்தவர் நிற்கவில்லை. அதைத் தாண்டி, சீமைக்கருவேல முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு இன்னும் ஏழு மீட்டர் உள்ளே போனார். அங்கே ஒரு செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கத் திரும்பி வந்தார்.